மேலகரத்து மெஷின் திணறியது ஏன்

1. போன்

"அண்ணாச்சி, திரும்பியும் திணறுது."

மதியம் மூன்று மணி இருக்கும். போனில் மேலகரத்து இசக்கி. முந்தின நாள்தான் அவளுடைய கேமிங் கம்ப்யூட்டரை என் தென்காசிக் கடையில் வைத்து அப்கிரேடு செய்து கொடுத்திருந்தேன்.

"எப்பிடித் திணறுது?"

"மொதல்ல பத்து நிமிசம் எண்ணெ மாதிரி ஓடுது. அப்புறம் நின்னு நின்னு வருது. அஞ்சு மணிக்கு மேட்சு அண்ணாச்சி."

அது சாதாரண மேட்ச் இல்லை. ஆன்லைனில் ஐந்து பேர் சேர்ந்து சுடும் ஆட்டம். சென்னை டீம் ஒன்றில் ஓர் இடம் காலி. அதற்கு இவளை ஆடச் சொல்லிப் பார்க்கப்போகிறார்கள். எடுத்துக்கொண்டால் மாதச் சம்பளம் உண்டு. போன தடவை இப்படி ஒரு வாய்ப்பு வந்தபோது மெஷின் நின்று நின்று ஓடியதால் பாதி ஆட்டத்திலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவள் கேட்டதை விட்டுவிட்டு நான் சொன்ன பார்ட்ஸைத்தான் வாங்கியிருந்தாள். கையில் வேறு காசு கிடையாது.

2. கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்றேன்

நான் எட்டாவது வரை படித்தவன். டிவி மெக்கானிக்காக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தேன். எது ஓட்டத்தைத் தடுக்கிறது, அடைப்பு எங்கே என்று பார்க்காமல் பார்ட்ஸ் மாற்றக் கூடாது என்பது டிவி காலத்திலேயே படித்தது.

இசக்கி கடைக்கு வந்தபோதே முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்தாள். "கார்டு மாத்தணும் அண்ணாச்சி. எல்லா வீடியோவுலயும் அதத்தான் சொல்லுதாங்க."

கூட அவள் அப்பா வந்திருந்தார். கோயில்களிலும் கல்யாணங்களிலும் தவில் வாசிக்கிறவர். "ஒரு வெளையாட்டுக்கு எத்தனை சாமான்தான் வாங்குவிய? எந் தவுலுக்கு ரெண்டு பக்கமும் தோலு. அவ்வளவுதான்" என்றார்.

"சும்மா இருங்கப்பா."

மெஷினை மேசையில் வைத்து, பக்கக் கதவைக் கழற்றி, அவளையே ஆடச் சொன்னேன். பிறகு படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டு மறுபடி ஆடச் சொன்னேன். கார்டுதான் குறை என்றால் படம் சிறிதானதும் கார்டுக்கு வேலை குறைந்து ஆட்டம் வேகம் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. அதே திணறல். ஆகவே கார்டு இல்லை.

அடுத்து ராம் பார்த்தேன். ஒரே ஒரு எட்டு ஜிபி. முழுக்க நிரம்பி வழிந்தது. வழிந்ததைப் பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க் கிரீச் கிரீச் என்றது.

"கார்டு வேண்டாம் தாயி. அந்தக் காசுக்கு இன்னொரு ராம், பழைய டிஸ்குக்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டி. போதும்."

அவள் முகம் வாடிவிட்டது. "கார்டு இல்லாம எப்பிடி அண்ணாச்சி? நல்லாப் பாத்துச் சொல்லுதியளா?"

"பாத்துத்தான் சொல்லுதேன்."

மாட்டினேன். கடையில் ஒரு மணி நேரம் ஆடினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவள் அப்பா மெஷினை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

3. போனில் பார்த்தது

ஆக, அடைப்பு ராம்தான் என்று நான் சொன்னது தப்போ? அவளை எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வாசிக்கச் சொன்னேன்.

"ராம் பாதிதான் ஓடுது. டிஸ்க் சும்மா கெடக்கு. ப்ராசசர் நூறு."

"ப்ராசசர் ஸ்பீடு என்ன போட்டிருக்கு?"

சொன்னாள். கடையில் பார்த்ததில் பாதிகூட இல்லை.

மோட்டாருக்குக் கரண்ட் பத்தாத மாதிரி. பவர் சப்ளை போய்விட்டதோ? புது ராம் பழையதோடு சேரவில்லையோ? இரண்டுக்கும் ஒவ்வொரு ஸ்பேர் எடுத்து பாலித்தீன் பையில் சுற்றி வண்டியில் வைத்தேன். சாரல் விடாமல் தூறியது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேனும் காரும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு வேன் பின்னாலும் நின்றபோது மணியைப் பார்த்தேன். கடையில் ஓடியது வீட்டில் ஏன் ஓடவில்லை? வழி முழுக்க அதே யோசனை.

4. அலமாரி

நாலரை ஆகிவிட்டது. இசக்கி வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது.

மேசைமேல் மானிட்டரும் கீபோர்டும் இருந்தன. மெஷினைக் காணோம். ஒயர்கள் எல்லாம் பக்கத்தில் இருந்த மர அலமாரியின் ஓட்டை வழியாக உள்ளே போயின.

"உள்ளேயா இருக்கு?"

"அப்பாதான் வச்சாவ. சாரல் அடிக்காம இருக்கணும்னு."

அலமாரிக் கதவில் கை வைத்தேன். மழைக்காலத்தில் மரம் சில்லென்று இருக்கும். இது சூடான பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. திறந்தேன். உள்ளே மஞ்சள் வெளிச்சம். மேல் தட்டில் தவில், துணி சுற்றி. கீழ்த் தட்டில் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அணைக்கக் கை நீட்டினேன். அவள் அப்பா ஓடி வந்தார்.

"அணைச்சிராதிய அண்ணாச்சி! ஈரம் ஏறுனா தோலு தளந்துரும். சாரல் முடியுத வரைக்கும் அந்த பல்பு எரியணும்."

"தவுலுக்குச் சரி. கம்ப்யூட்டர ஏன் இங்கன வச்சிய?"

"அதும் வெல கூடுன சாமான்தானே? தவுலுக்கு ஆவுறது அதுக்கு ஆவாதா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தவிலை எப்படிப் பொத்திப் பாதுகாப்பாரோ அப்படித்தான் மகளின் மெஷினையும் பாதுகாத்திருந்தார்.

"தவுலுக்குக் குளிரு ஆகாது. இதுக்குச் சூடு ஆகாது. ஏற்கெனவே தன் சூட்டுலயே வேகுது. அது கூட பல்பையும் வச்சுக் கதவையும் பூட்டுனா? கருகிரக் கூடாதுன்னு ப்ராசசர் தானே வேகத்தக் கொறச்சுக்கிடுது. அதான் பத்து நிமிசம் ஓடுது, அப்புறம் திணறுது."

இசக்கி அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, போன தடவையும் இதுதானா?"

அவரே மெஷினைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். தவிலும் பல்பும் அலமாரியில் இருந்தன. நான் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். ப்ராசசர் கூலரில் பஞ்சுமாதிரி அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, "சாரல் தெறிக்காதுல்லா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஆன் செய்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. இதுதான் அடைப்பு என்று நினைத்தேன். முந்தின நாளும் அப்படித்தான் நினைத்தேன்.

5. பக்கத்து அறை

"யாரும் நிக்கக் கூடாது" என்று இசக்கி கதவைச் சாத்திவிட்டாள். நானும் அவரும் பக்கத்து அறையில் உட்கார்ந்தோம். கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது.

பத்து நிமிடம் போனது. சூடு ஏறுகிற நேரம் அதுதான். அவர் கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். விரல் தொடையில் தட்டியது.

"மெஷினு நிக்கல அண்ணாச்சி."

"எப்பிடிச் சொல்லுதிய?"

"நின்னா அவ கீபோர்டுல ஒரே கட்டையப் போட்டு டொக்கு டொக்குனு இடிப்பா. மத்தியானம் பூரா அதான் கேட்டுச்சு. இப்பம் கை ஓடுது பாத்தியளா?"

காது கொடுத்தேன். ஓடியது. இருபது நிமிடம் ஓடியது. அப்புறம் அவர் விரல் நின்றது.

"என்ன, நின்னுட்டா?" என்றேன்.

"மெஷினு இல்ல. இங்கன அவ முந்திட்டா. விழ வேண்டிய எடத்துக்கு முன்னால கை விழுந்துட்டு."

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. இசக்கி ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டபடி வந்தாள்.

"எடுக்கலப்பா. வேற ஒருத்திய எடுத்துட்டாங்க. வேணும்னா ஒரு மாசம் எங்ககூட ஆடிப் பழகு, அடுத்து பாப்போம்னு சொல்லுதாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மெஷினு ஒரு தடவகூட நிக்கல அண்ணாச்சி. கடைசி ரவுண்டுல நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

"தெரியும்ட்டி, கேட்டுச்சு" என்றார் அவள் அப்பா. "அவசரம்னா சாதகம், பழக்கம் பத்தலன்னு அர்த்தம். அந்த ஒரு மாசத்துக்கு வாரேன்னு சொல்லு. காலம்பற எழும்பி நான் வாசிக்கும்போது நீயும் ஆடு."

"தவுலுச் சத்தத்துல ஆடணுமா? வெளங்கிரும்" என்றாள். ஆனாலும் போய்ச் சரி என்று பதில் எழுதினாள்.

6. என் கடைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஓர் அடைப்பை எடுத்தால்தான் அடுத்தது தெரியும். ஒன்றைக் கண்டதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் கடை மேசையில், கதவைக் கழற்றிப் போட்டு, ஃபேனுக்கு அடியில் எந்த மெஷினும் நன்றாக ஓடும். அது இருக்கிற வீட்டில் ஓட வேண்டும். மெஷினை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சாரல் காலமானால் போய்ப் பாருங்கள்.

அப்கிரேடு செய்தால் ஜெயிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது நம் கையில் இல்லை. தோற்றால் அது தங்கள் கையால்தான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த அளவுக்கு மெஷினைச் சரிசெய்து கொடுத்தால் நம் வேலை முடிந்தது.