கப்பல் விருந்துக்கு ஒரு ஜோடி ஷூ

என் வீட்டுக்காரர் குமரேசனுக்கு அப்போது வலது காலில் நான்கு விரல்கள். சுண்டுவிரலை அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை தின்றுவிட்டது. முப்பத்தோரு வருஷம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக நின்றே பிழைத்த மனிதர். தாம்பரத்திலிருந்து பிராட்வே வரைக்கும், படியில் தொங்குகிறவனைத் திட்டி உள்ளே ஏற்றுவதும் சில்லறை இல்லாதவனோடு சிரித்துக்கொண்டே சண்டை போடுவதும்தான் அவருக்கு வாழ்க்கை. அப்படி நின்ற கால்களுக்கு இப்போது உணர்ச்சி இல்லை. முள் குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் நான்தான்.

தினம் சாயங்காலம் அவர் பாதத்தை மடியில் வைத்து, அடியில் கண்ணாடி பிடித்து, விரலிடுக்கு வரை பார்ப்பேன். "இனிமே இந்தக் கால்ல ஒரு கொப்புளம்கூட வரக் கூடாதும்மா. வந்தா விரலோட நிக்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவருடைய அண்ணனுக்கு, அதாவது என் மூத்தாருக்கு, முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. அதுவும் கொப்புளத்தில் ஆரம்பித்ததுதான். ஆகவே டாக்டர் எனக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்து ஒரு நீலச் செருப்பு விற்கிறார்கள். வீட்டுக்குள்ளும் அவருக்கு அதுதான். இரும்புலியூரில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் பூசாரி செருப்பை வெளியே விடச் சொன்னார். "அப்ப அவரு வாசல்லயே நின்னு கும்புடுவாரு. உங்க அம்மன் எட்டிப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். தெருவே என்னை ராங்கிக்காரி என்றது. சொல்லட்டும், கால் யாருடையது?

இப்படிப்பட்டவள்தான் ஒரு சாப்பாட்டு இடத்துக்குப் பயந்துபோனேன்.

எங்கள் மகன் எழில் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நன்றாக வேலை செய்த ஆறு பேருக்குக் குடும்பத்தோடு கப்பல் பயணம் கொடுத்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, மூன்று நாள் கடலைச் சுற்றிவிட்டு அங்கேயே இறங்க வேண்டும். இரண்டாம் நாள் மாலை, கப்பலிலேயே உசத்தியான ரெஸ்டாரன்டில் அவன் மேனேஜர் மாளவிகா எல்லோருக்கும் விருந்து வைக்கிறார். அதற்கு என்ன உடுத்த வேண்டும் என்று எழிலின் போனுக்கு ஒரு பட்டியல் வந்தது. பெண்களுக்குச் சேலை போதும். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழு பேன்ட், மூடிய ஷூ. செருப்புக்கு அனுமதியில்லை.

"இன்னாடா இது? சாப்புட வாய் போதாதா, காலையும் காட்டணுமா?" என்று குமரேசன் சிரித்தார்.

எழிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் மாளவிகா மேடம்கிட்ட கேட்டுப் பாக்கறேம்மா. அப்பாவுக்கு மட்டும் செருப்பு போட்டுக்கலாமான்னு."

"கேக்காத" என்றேன். "உன் மேனேஜர் முன்னாடி அப்பா காலைப் பத்திப் பேசாத."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் கிண்டியில் ஒரு பெரிய ஓட்டலில் எழிலின் நண்பனுக்கு வரவேற்பு. வாசலில் நின்ற காவலாளி அந்த நீலச் செருப்பைப் பார்த்துவிட்டு, "டிரைவருங்கல்லாம் பின்பக்கம்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "வுடும்மே, நானும் வண்டில இருந்தவந்தானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்கவே முடியவில்லை. அதை இன்னொரு தடவை, அதுவும் மகனுடைய மேனேஜர் எதிரில், பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் நானே ஷூ வாங்கினேன். கடைக்காரப் பையன் முன்பக்கத்தை அமுக்கி, "டைட்டா இருக்கா சார்?" என்று கேட்டான்.

"இவளைக் கேளுப்பா. எனக்கு இன்னா தெரியும்?" என்றார் இவர்.

கட்டை விரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்து, ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்தேன். இரண்டு மணி நேரம்தானே, இரண்டே மணி நேரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அம்மன் வாசலில் விட்டுக்கொடுக்காதவள் இங்கே விட்டுக்கொடுத்தேன்.

கப்பல் கிளம்பியதும் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் கரையைப் பார்த்தேன். அது மறைந்தபோது, ஆஸ்பத்திரியும் மறைந்துவிட்டது என்ற நினைப்புத்தான் வந்தது.

மறுநாள் மாலை அவரை உட்காரவைத்து இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டினேன். ஷூவுக்குள் கை விட்டுத் துழாவினேன், ஒன்றுமில்லை. சுண்டுவிரல் இல்லாத இடத்தில் கால் ஆடுமே என்று பஞ்சை உருட்டி அங்கே வைத்தேன். அதுவும் என் புத்திதான். பாழாய்ப்போன புத்தி.

ரெஸ்டாரன்ட் கப்பலின் மறு கோடியில் இருந்தது. லிஃப்டில் கூட்டம் என்று எழிலின் சிநேகிதர்கள் படியேறினார்கள், இவரும் ஏறினார். நடுவில் நிற்கவைத்து ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் குனிந்து, "வெல்கம் சார்" என்றார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். அந்த மனுஷன் இவர் காலைப் பார்க்கவேயில்லை. நான் அதைக் கவனித்தேன்.

மேசையில் இவர்தான் ராஜா. பஸ் கதைகளைச் சொல்லச் சொல்ல மாளவிகாவுக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எழில், உங்க அப்பா சூப்பர்!" என்றார். என் தட்டில் என்ன வைத்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. மெதுவாக அவர் பக்கம் சாய்ந்து, "மேசைக்கு அடியிலதானே, ஷூவைக் கழட்டிடுங்க" என்றேன்.

"சும்மா இரும்மே. ஷூ இப்பதான் சரியாப் பூடுச்சி. வர்றப்போ அசையவே இல்ல, எம்மாந் தூரம் நடந்தேன்! இப்ப பாரு, தூக்கினா குதிகால் தானா வழுக்கினு வெளிய வருது" என்றார் சந்தோஷமாக.

புது ஷூ ஒரு மணி நேரத்தில் தளராது. உள்ளே ஈரம் இருந்தால்தான் வழுக்கும். பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து அவர் ஷூவை இழுத்தேன். கறுப்பு சாக்ஸில் ஒன்றும் தெரியவில்லை, ஈரம் மட்டும் தெரிந்தது. கையை எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் சிவப்பு. பஞ்சு உருண்டு பக்கத்து விரல்களுக்கு அடியில் போய், தோலை அப்படியே வழித்திருந்தது.

இவர் குனிந்து என் கையைப் பார்த்தார்.

"யாரு ரத்தம்மே அது?" என்று கேட்டார்.

எழில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினான். சக்கர நாற்காலி வந்தது. அவனும் மாளவிகாவும் அவரைக் கப்பல் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஷூவைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடும்போது, கறுப்புக் கோட்டுக்காரர் என்னை நிறுத்தினார். எனக்குப் புரிய வேண்டுமே என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். டாக்டர் கொடுத்த செருப்புக்கு இங்கே தடையில்லை, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், தினம் இரண்டு பேராவது அப்படித்தான் வருகிறார்கள் என்றார். புரியாமல் இருந்திருக்கலாம். நன்றாகப் புரிந்தது.

கப்பல் டாக்டர் கட்டுப் போட்டு மருந்து கொடுத்தார். கரைக்கு வர இன்னும் ஒரு முழுப் பகல் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் ஏற ஏற நான் நெற்றியையும் பாதத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தேன். கால் போய்விடும், அவர் அண்ணனைப் போல ஆகிவிடுவார், நான்தான் செய்தேன், இதைத் தவிர என் மனசில் வேறு ஒன்றும் ஓடவில்லை. துறைமுகத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி. இரண்டு விரல்கள் போயின. கால் நின்றது. அடுத்த ஆறு வாரமும் பாதி பாதமாவது மிஞ்சுமா என்று பயந்துதான் கட்டு மாற்றினேன்.

இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க வருகிறவர்களுக்கு மருந்தைப் பற்றிச் சொல்வதில்லை, கப்பலைப் பற்றித்தான் சொல்கிறார். "பெரிய எடம்பா அது. ஷூ இல்லன்னா வாசல்லயே நிறுத்திடுவான். கோட்டுப் போட்டவன் எனக்குக் குனிஞ்சி வணக்கம் வெச்சான். எம் புள்ளைக்கோசரம் போட்டேன், இன்னா இப்ப, ரெண்டு வெரலுதானே?"

எழில் தலையைக் குனிந்துகொள்வான். கோட்டுக்காரர் என்னிடம் சொன்னது அவனுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். போன விரல்களுக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.