நான் இரண்டு தடவை துடைத்த நுரை

வீட்டு மீன்தொட்டிகளைச் சுத்தம் செய்வது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன அறை, ஒரு ஸ்கூட்டர், இரண்டு வாளி, அடி அழுக்கை உறிஞ்சி எடுக்க ஒரு சைஃபன் குழாய். இதுதான் என் கம்பெனி. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த ஃபில்டர் நல்லது, எந்த மருந்து நல்லது என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். மயிலாப்பூரில் ஒரு சமையல்கார அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தியதை நான்தான் சொல்ல வேண்டும்.

1. மூடி

அந்த வீட்டு வைதேகி மேடம் வங்கியில் வேலை பார்ப்பவர். பையன் ஆசைப்பட்டான் என்று தொட்டி வாங்கினார். பையன் படிக்க வெளியூர் போய்விட்டான், தொட்டி ஹாலிலேயே நின்றுவிட்டது. அதில் மூன்று டிவார்ஃப் கௌராமி மீன்கள். ஆண் ஒன்று, பெண் இரண்டு. ஆண் நல்ல செங்கல் சிவப்பு, அதன்மேல் நீலக் கோடுகள். இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு நிறத்தை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பார்க்கிறபோதெல்லாம் தோன்றும். தண்ணீருக்கு மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுப் போகும் சாதி அது.

பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை போவேன். நாற்பது நிமிடத்தில் வேலை முடியும். முதலில் மேல்தண்ணீரைத் துடைப்பேன். வாடிக்கையாளர் கண் முதலில் அங்கேதான் போகும். அது பளபளவென்று இருந்தால் அடியில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் நல்ல பெயர்தான்.

ஒரு சனிக்கிழமை தொட்டி மூலையில் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை நுரை. அதன்மேல் ஹோட்டல் சாம்பார் பார்சலின் பிளாஸ்டிக் மூடி ஒன்று மிதந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரும்மா இதுல குப்பை போடறது?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

உள்ளே கஸ்தூரி இருந்தாள். காலை ஏழு மணிக்கு வந்து மூன்று மணி வரை சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவள். அவள் எட்டிப் பார்க்கும்வரை நான் நிற்கவில்லை. மூடியைத் தூக்கி எறிந்தேன், நுரையை வழித்தேன், ஃபில்டர் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

2. மருந்து

அடுத்த தடவை போனால் அதே மூலையில் அதே நுரை. அதே சாம்பார் மூடி. போதாததற்கு ஆண் மீன் பெண்களைத் துரத்தித் துரத்தி அடிக்கிறது. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. தீனி அதிகமாகித் தண்ணீர் கெட்டுவிட்டது, மீனுக்கு நோய் என்று முடிவு கட்டினேன். நுரையை வழித்துவிட்டு நீல மருந்து பாட்டிலைத் திறந்தேன்.

கஸ்தூரி கரண்டியோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். "அது குப்ப இல்லண்ணா..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க அடுப்பைப் பாருங்க. தொட்டியை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

மேடம் அன்றைக்கு வீட்டில் இருந்தார். நீலத் தண்ணீரைப் பார்த்ததும் அலுத்துப்போனார். "எப்பப் பாத்தாலும் நுரை, சண்டை, மருந்து. போறும். ஆத்துல இதைப் பாத்துக்க யாரிருக்கா? அடுத்த தடவை வரச்சே தொட்டியோட எடுத்துண்டு போயிடுங்கோ" என்றார்.

3. கை

மூன்றாவது சனிக்கிழமை பெரிய வாளியும் வலையுமாகப் போனேன். நுரை முன்னைவிடப் பெரிதாக, இலைத் துணுக்கெல்லாம் சேர்ந்து கெட்டியாக நின்றது. மேலே மூடி. எடுக்கக் கை நீட்டினேன். மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது.

"அடுப்ப அமத்திட்டுத்தான் வந்துகீறேன்" என்றாள் கஸ்தூரி. "இப்ப கேளு. அது வூடு கட்டிக்கினு கீது. நீ ரெண்டு வாட்டி இடிச்சிட்டுப் போன. இது மூணாவது வூடு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத. குந்தி பாரு."

தரையில் உட்கார்ந்து கீழிருந்து மேலே பார்த்தேன். நுரைக்கு அடியில் ரவை தூவியதுபோல் முட்டைகள். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. ஆண் பாய்ந்துபோய் அதை வாயில் கவ்வி, மேலே கொண்டுபோய் நுரைக்குள் ஒட்டவைத்தது. பிறகு தண்ணீருக்கு மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கி, புதுக் குமிழிகளாக ஊதி ஓட்டையை அடைத்தது. ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு தடவைகூட அது ஓயவில்லை.

கௌராமி நுரையில் கூடு கட்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கொளத்தூரில் மீன் வளர்ப்பவர்களின் சிமென்ட் தொட்டியில் பார்த்திருக்கிறேன். ஃபில்டர் ஓடுகிற ஹால் தொட்டியில் கட்டும் என்று நினைக்கவில்லை. நோய் என்று நான் மருந்து ஊற்றியது ஒரு தகப்பனின் காவலுக்கு. நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

"அந்த மூடி?" என்று கேட்டேன்.

"ஃபில்டர் தண்ணி அடிச்சி நொரைய கலைக்குது. மூடி போட்டா அதுக்குக் கீழ நிக்குது. நேத்து மத்தியானம் ரெண்டும் கட்டிப் புடிச்சிக்கினு முட்ட வுட்டுச்சி. நான் ரசத்தத் தாளிக்காம பாத்துக்கினு இருந்தேன்."

யாரும் சொல்லித்தராமல், பார்த்துப் பார்த்தே இந்தப் பெண் இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். என் இருபத்திரண்டு வருடத்தில் நான் எந்தத் தொட்டியையும் அப்படிப் பார்த்ததில்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

4. ஒரு வாரம்

மேடத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். தப்பு என்னுடையது, ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். "ஒரே வாரம்தான்" என்றார்.

ஃபில்டரை நிறுத்தினேன். ஆணிடம் அடிபடாமல் இருக்கப் பெண் மீன்கள் இரண்டையும் வாளியில் என் அறைக்குக் கொண்டுபோனேன். கொளத்தூரிலிருந்து பச்சைத் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் இருக்கும், குஞ்சுகளுக்கு அதுதான் முதல் சாப்பாடு. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் ஆணையும் வெளியே எடுக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் அதுவே தின்றுவிடும். மீதியெல்லாம் கஸ்தூரி பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது வைதேகி மேடம் தரையில் சம்மணம் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி தொட்டியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள், மயிரிழை மயிரிழையாக. "நேத்து எண்ணிப் பாத்தேன், முடியலை" என்றார். பையனுக்கு வீடியோ எடுத்து அனுப்பியாயிற்றாம்.

தொட்டி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. என் வேலைதான் போயிற்று.

"தப்பா நெனைச்சுக்காதீங்கோ. இனிமே கஸ்தூரியே பாத்துப்பா, அதுக்குத் தனியா குடுத்துடறேன். அந்தக் குழாய் போடறது மட்டும் அவளுக்குக் காட்டிட்டுப் போங்கோ" என்றார் மேடம்.

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? காட்டிவிட்டு வந்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

5. போன மாதம்

அடையாரில் ஒரு வீடு. பேர்ல் கௌராமி ஒன்று மூலையில் ஒதுங்கி நிற்கிறது, சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்துகிறார். மருந்து பாட்டிலைத் திறந்த பிறகு என்னவோ தோன்றி, கஸ்தூரிக்குப் போன் போட்டேன். விவரம் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"எவ்ளோ நேரமா பாத்துக்கினு கீற?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"மருந்த மூடி வையிண்ணா. ஒரு சேர் கேட்டு வாங்கி குந்து."

மூடினேன். சேர் கேட்டேன்.