மேட்டுப் பனிக்கட்டியும் பள்ளத்து உப்பும்

அக்சினியாவுக்குச் சந்தேகம் தாய்ப்பாலோடு வந்தது. கடைக்காரன் கொடுத்த தேயிலையை மோந்து பார்ப்பாள். கணவன் ஹாபிரீல் வெளியே போய்விட்டு வந்தால் அவன் சட்டையையும் மோந்து பார்ப்பாள். அவன் பழகிவிட்டான், பாவம்.

கோடையிலும் அடிமண் உறைந்தே கிடக்கும் ஊர் அது. இறைச்சி வைக்க அந்த உறைமண்ணில் நிலவறை தோண்ட வேண்டியிருந்தது. அவன் ஊருக்குப் பின்னால் இருக்கும் லார்ச் மரங்கள் நிற்கும் மேட்டைக் காட்டினான். மேட்டின் மேல் விதவை பர்பாராவின் வீடு. அக்சினியா மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டாள். இறைச்சி எடுக்கும் சாக்கில் தினமும் மேடேறப் பார்க்கிறாயா என்று கேட்டு, வீட்டை ஒட்டிய அலாஸ் பள்ளத்தின் ஓரத்திலேயே தோண்ட வைத்தாள். பள்ளம் ஒரு காலத்தில் ஏரி, ஏரி வற்றினாலும் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும், உப்புப் பனிக்கட்டி சீக்கிரம் இளகும் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

மூன்றாம் கோடையில் சுவர் கசிந்தது. குதிரை இறைச்சியில் பாதி நாறிப்போயிற்று. சுவரை நக்கினாள், கரித்தது. யார் வேலை என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"ஏ கெழவா, நீ சொன்னதுதான் சரின்னு காட்ட உப்பக் கரைச்சு ஊத்துனியா?"

"ஊத்துனா மேலதான கரிக்கும்? உள்ள வெட்டி நக்கிப் பாரு."

கடப்பாரையை அவனிடம் கொடுக்காமல் தானே வெட்டினாள். ஒரு முழம் உள்ளேயும் கரித்தது. அப்போதும் நம்பாமல், நேரே மேடேறிப் போய்ப் பர்பாராவிடம் அவள் நிலவறைச் சுவரில் ஒரு துண்டு கேட்டாள். வசந்தத்தில் உருகும் பனி நிலத்து வெடிப்புகளில் இறங்கி உறைந்த கட்டி அது. துளி உப்பில்லை.

பர்பாரா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரருக்கு எம்மேல என்ன கோவம்க்கா? எம்மகன் செத்தப்போ குழி வெட்ட ஊரு ஆம்பளைங்க அத்தன பேரும் வந்தாங்க. அவரு மட்டும் வரல."

அன்று அவன் மேடேறிவிடக் கூடாதென்று பூட்ஸை ஒளித்து வைத்தது அக்சினியாதான். அவமானத்தில் முகம் எரிந்தது. வேகமாக இறங்கி வந்தாள்.

"நாளைக்கே மேட்டுல தோண்டு, கெழவா. போயிப் பர்பாராகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டும் வா."

வலை பின்னிக்கொண்டிருந்த ஹாபிரீல் தலையை நிமிர்த்தி அவளை ஏற இறங்கப் பார்த்தான். இதில் என்ன பொறி வைத்திருக்கிறாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"வேணாம் கெழவி. வேற மேடு பாப்போம்."

அந்த ஊரில் வேறு மேடு இல்லை.