பத்தாவது ஆள்

ஷாவுல் தவீலை எங்கள் சந்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பத்தாவது' என்பார்கள். ஜெருசலேம் சந்தையில் ஆலிவ் காயும் ஊறுகாயும் விற்றார். உடம்பெல்லாம் உப்புத்தண்ணி வாடை. சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த யூதர்களான எங்களுடைய ஜெபக்கூடம் அவர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. பத்து யூத ஆண்கள் சேராவிட்டால் அங்கே எதுவும் தொடங்காது. ஒன்பது பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற என் தம்பி ரஃபூல் போய் ஷாவுலின் கதவைத் தட்டுவான். "பத்தாவது! கொஞ்சம் வாய்யா. நீ இல்லாம முடியாது." ஷாவுல் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார். முப்பது வருடம் இப்படித்தான் போயிற்று.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எங்களுக்கு ஆகாது. பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டே ரஃபூல் ஒவ்வொருவராக விரல் நீட்டுவான். கடைசிச் சொல் 'என்றென்றைக்கும்'. கடைசியாக ஓடி வருகிறவர் ஷாவுல் என்பதால் அந்தச் சொல் அவர் மேல்தான் விழும். விழுகிறபோது அந்த மனிதர் முகத்தில் கல்யாணப் பெண்ணுக்கு வருவதுபோல ஒரு வெட்கம் வரும். பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னாலிருந்து நான் பார்த்திருக்கிறேன். எங்களை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை, ஆகவே வேடிக்கை பார்க்க நேரம் நிறைய உண்டு.

என் புருஷன் போனபோது என் மகன் தினமும் 'கதீஷ்' சொன்னான். செத்துப்போன அப்பாவுக்காகப் பிள்ளை சொல்கிற ஜெபம் அது. அதற்கும் பத்துப் பேர் வேண்டும். ஷாவுல் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு வந்து, சுவரில் சாய்ந்து நின்று 'ஆமென்' சொன்னார். அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

அந்தக் கூடத்தில் ஆளுக்கொரு நம்பிக்கை. ஒருவர், நாங்கள் காத்திருக்கிற மீட்பர் மேசியா எந்த நாளும் வந்துவிடுவார், எதற்கு வீண் செலவு என்று வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் வைத்திருந்தார். இன்னொருவர், மேசியா என்பது ஆளே இல்லை, நல்ல காலத்துக்குப் பெயர் என்பார். செத்தவர்கள் இதே உடம்போடு எழுந்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னால், "எனக்கு இந்த முட்டி வேணாம்யா, உயிர் மட்டும் எந்திரிச்சாப் போதும்" என்பார் பக்கத்திலிருப்பவர். என் தம்பிக்குச் சட்டம்தான் எல்லாம். கடவுள் சீனாய் மலையில் கொடுத்ததில் ஓர் எழுத்து அசையக்கூடாது. தையல்காரர் ஸபாக் காபிக்காக மட்டும் வருவார். கடவுளைப் பற்றிக் கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன?" என்பார். இவர்கள் யாரையும் நீ என்ன நம்புகிறாய் என்று ஒருவரும் விசாரித்ததில்லை. ஷாவுல் அத்தனையையும் நம்பினார். விசாரணை அவருக்குத்தான் வந்தது.

ஷாவுலின் மகள் ஹெம்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. இங்கே கல்யாணம் என்றால் மதகுருக்களான ரபிகளின் நீதிமன்றம் தலையாட்ட வேண்டும். ஷாவுலின் அம்மா எஸ்தெல்லா அர்ஜென்டினாவில் பிறந்த இத்தாலியக்காரி, மதம் மாறி வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். எங்கே, யார் முன்னால் மாறினார் என்று கேட்டார்கள். ஷாவுலின் அப்பா முராத் கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போயிருந்தோம். தொண்ணூறை நெருங்கிய மனிதர், பெருமை தாங்காமல் தடியை ஊன்றி எழுந்தார்.

"எங்க அலெப்போ ஆளுங்க அர்ஜென்டினால கதவச் சாத்திட்டாங்க ஐயா. மாறி வர்ற பொண்ணே வேணாம்னாங்க. நான் விடல. தாடி இல்லாத ரபி ஒருத்தர், தங்கமான மனுஷன், வேற மாதிரி கூடம் வெச்சிருந்தாரு. 'ஒரே கடவுள நம்புறியாம்மா? ஏழைக்குக் குடுப்பியா? நியாயமா நடப்பியா? அதான் நம்ம மதம், வா'ன்னுட்டாரு."

"தண்ணில முழுக்குப் போட்டாங்களா?" என்று கேட்டார் ஒரு ரபி.

"அதெல்லாம் பழைய வழக்கம்னு சொல்லிட்டாரு!" என்று கிழவர் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பாவி மனுஷன், வாயைக் கொடுத்து மகனை மாட்டிவைத்தார். அம்மா யூதர் என்றால்தான் பிள்ளை யூதர். முழுக்குப் போடாததால் எஸ்தெல்லா மாறியதாகவே கணக்கில்லை. ஹெம்தாவுக்குக் குறையில்லை, அவள் அம்மா யூதப் பெண். ஷாவுல்தான் யூதர் இல்லை என்றார்கள்.

"நான் இப்பவே போய் முங்குறேன் ஐயா" என்றார் ஷாவுல்.

"அப்படியெல்லாம் முடியாது. ஒரு வருஷம் படிக்கணும். செத்தவங்க எழுந்திருப்பாங்கன்னு நம்புறீங்களா?"

"நம்புறேன்."

"மேசியா வருவாருன்னு?"

"தினமும் கடை தெறக்கும்போது தெருமுனையப் பாக்குறேன் ஐயா."

"நல்லது. வகுப்புல சேருங்க."

அன்று சாயங்காலம் ரஃபூல் என் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "முப்பது வருஷம்! பாதி நாள் ஒம்போது பேர வெச்சு ஜெபிச்சிருக்கோம் அக்கா. மாமாவுக்குச் சொன்ன கதீஷும் அதுல சேர்த்தி."

"அப்ப கடவுள் அதையெல்லாம் திருப்பி அனுப்பிட்டாரா? தபால்ல எதுவும் வரலயே."

"கிண்டல் பண்ணாத அக்கா. சட்டம் சட்டம்தான்."

முராத் அதற்குப் பிறகு பேசவில்லை. சூப்பைக் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்வார். அந்த மாதமே, ஒரு புதன்கிழமை, மழையில் அவரைப் புதைத்தோம். கல்லறைப் பக்கத்தில் ஷாவுல் வாயைத் திறக்குமுன் ரஃபூல் கதீஷைச் சொல்லி முடித்துவிட்டான். ஷாவுல் என்னிடம், "அவசரத்துல சொல்லிட்டான் பஹியாக்கா. நாளைக்குக் கூடத்துல நான் சொல்லணும். அப்பா எதிர்பார்ப்பாரு" என்றார்.

மறுநாள் மதிய ஜெபத்துக்கு அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் இருந்தார்கள். ரஃபூல் பழக்கதோஷத்தில் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். விரல் ஷாவுலின் நெஞ்சுக்கு நேரே நின்றது. ஷாவுலின் முகத்தில் அந்த வெட்கம் வந்துவிட்டது. ரஃபூல் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு, விரலை மடக்கிக்கொண்டு வெளியே போனான்.

திரும்பி வந்தபோது பக்கத்து பார் முதலாளி யிகால் கூட வந்தான். வேலை கூடாத ஓய்வுநாள் இரவிலும் கடை திறந்து, எங்களுக்கு விலக்கான இறாலை வறுத்து விற்கிறவன்.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கையே கெடையாது. கடவுளே கெடையாதுங்கிறவன் நான்" என்றான் அவன்.

"உங்கம்மா யூதப்பொண்ணா?"

"ஆமா. அவளுக்கும் நம்பிக்கை கெடையாது."

"போதும். உள்ள வா" என்றான் என் தம்பி. காகிதத்தில் செய்த குல்லா ஒன்றை அவன் தலையில் வைத்து, விரல் நீட்டி, விட்ட சொல்லை அவன் மேல் போட்டான்.

கதீஷ் நேரம் வந்தது. ஷாவுல் எழுந்து முதல் வார்த்தையைத் தொடங்கினார்.

"உக்காரு ஷாவுல்" என்றான் ரஃபூல். "வேற சாதிப் பொண்ணுக்குப் பொறந்தது அம்மாவோட போயிரும், அப்பன் கணக்குல வராது. சட்டப்படி முராதுக்குப் பிள்ளையே இல்ல. பிள்ளையில்லாதவருக்கு நான் சொல்றேன். கடமை அது."

"அவர நான்தானேடா குளிப்பாட்டினேன், இத்தன வருஷமா?" என்றார் ஷாவுல்.

ரஃபூல் கதீஷைச் சொல்லத் தொடங்கினான். எங்கே 'ஆமென்' போடுவது என்று யிகாலுக்குத் தெரியவில்லை. ஷாவுலின் வாயைப் பார்த்துப் பார்த்துப் போட்டான்.

நான் தட்டியைக் கையால் அறைந்தேன். "டேய் ரஃபூல், மனுஷனாடா நீ?" பொம்பளைகள் பக்கம் சத்தம் வேண்டாம் என்றான்.

சனிக்கிழமை விடியக் கடும் குளிர். முந்தின நாள் பொழுது சாயுமுன் ஹீட்டரைப் போட மறந்துவிட்டான் ரஃபூல். ஓய்வுநாளில் யூதர் யாரும் நெருப்பையோ சுவிட்சையோ தொடமாட்டோம். கிழவர்கள் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார்கள். ரஃபூல் எழுந்து வெளியே போனான். ஷாவுலின் கதவைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"பத்தாவது! கொஞ்சம் வாய்யா. நீ இல்லாம முடியாது."

அதே வார்த்தைகள். ஷாவுல் ஜெபச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு கால் செருப்பு கழன்றுவிழ ஓடி வந்தார். கண்ணெல்லாம் ஈரம். உள்ளே வந்து ஆட்களைப் பார்த்தார். அவரில்லாமலே பத்துப் பேர் இருந்தார்கள். அவருக்குப் புரியவில்லை.

"ரொம்பக் குளிருதுல்ல?" என்றான் ரஃபூல். செய் என்று நேராகச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தான்.

ஷாவுல் சுவிட்சையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கு ஓய்வுநாள் ரஃபூல்."

"எங்களுக்கு" என்றான் ரஃபூல்.

ஷாவுல் சால்வையைக் கழற்றி நான்காக மடித்துப் பெஞ்சின்மேல் வைத்தார். பிறந்ததிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட நெருப்பைத் தொடாத மனிதர், போய் சுவிட்சைப் போட்டார். ஹீட்டர் சிவந்தது. கூப்பிட்டால் வருகிறவர், வந்தால் கேட்டதைச் செய்கிறவர். அவ்வளவுதான் அவர் சுபாவம். ஸபாக் நாற்காலியை இழுத்துப் போட்டு உள்ளங்கையைக் காட்டிக் குளிர் காய்ந்தார்.

ரஃபூல் விரலை நீட்டி வசனத்தைத் தொடங்கினான். ஷாவுல் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். விரல் அவரைத் தாண்டிப் போயிற்று. 'என்றென்றைக்கும்' ஸபாக் மேல் விழுந்தது. அவர் காபி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.