ஜூடோப் பாயில் நான் குனியாத நாள்

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்திருந்தேன். நாரந்தனையிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். பின்னேரங்களில் செய்ய ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் வாசிகசாலை வளவில் ஜூடோ வகுப்புத் தொடங்கினார்கள்.

சொல்லித் தந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில், அங்கே வந்திருந்த ஒரு ஜப்பான்காரரிடம் ஆறு வருடம் படித்தவர். வேலை போனதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய தகப்பன் எங்கள் காணிப் பனைகளில் கள்ளுச் சீவியவர். இதைச் சொல்லாமல் விட்டால் மிச்சக் கதை விளங்காது.

வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பனையோலைப் பாய் விரிப்போம். கோதுமை மாச் சாக்கில் தைத்த தடித்த சட்டை போட்டுக்கொள்வோம். ஜப்பான் சண்டை பழகப்போகிறோம் என்று மார்தட்டிக்கொண்டு போன எங்களுக்கு, முதல் மாதம் முழுக்க அவர் விழத்தான் பழக்கினார். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கையால் பாயை அடித்து விழ வேண்டும். பாய்க்கு வெளியே செருப்புகள் வரிசையாக இல்லாவிட்டால் அன்று வகுப்பே இல்லை. தொடங்குமுன் இருவரும் எதிரெதிரே முழங்காலில் இருந்து, நெற்றி பாயில் முட்டக் குனிய வேண்டும்.

"இது எனக்குப் போடுற கும்பிடு இல்லை," என்றார். "நான் உம்மைக் கவனமா விழுத்துவன். நீர் என்னை நம்பி விழுவீர். அந்த வாக்கைத்தான் ரெண்டு பேரும் குடுக்கிறம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் நாள் எனக்குக் கழுத்து மடங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. 'அண்ணை' என்று கூப்பிடவும் தொடங்கிவிட்டேன். எட்டு மாதத்தில் அவரிடம் நன்றாகத் தேறியவன் நான்தான்.

வாசிகசாலை ஆண்டு விழாவில் ஜூடோ செய்துகாட்டுவதாக ஏற்பாடு. பாடசாலை அதிபர் ஒருவர் வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால், பிள்ளைகளுக்குப் பழக்கும் வேலை அண்ணைக்குக் கிடைக்கும். வேறு வருமானம் இல்லாத மனிதர், அந்த ஒரு பின்னேரத்தைத்தான் நம்பியிருந்தார். தன்னோடு பாயில் ஏற என்னைத் தெரிவு செய்தார்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் சாப்பிடும்போது பெரியப்பா வந்தார்.

"நாளைக்கு நானும் வாறன். எங்கட பனையில ஏறினவன்ர மோனுக்கு நீ நிலத்தில தலைமுட்டக் கும்பிடுறதை ஊரோட சேர்ந்து பாப்பம்."

அம்மா இன்னொரு அகப்பை சோறு போட்டார். நான் பாதியிலேயே எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் பெரியப்பா முன்வரிசைக் கதிரையில், அதிபருக்குப் பக்கத்தில் இருந்தார். நாங்கள் பாயில் ஏறினோம். அண்ணை முழங்காலில் இருந்து குனிந்தார். நான் விறைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் நெற்றியைப் பாயிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தார். நானோ பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அண்ணை எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். அவர் நினைத்திருந்தால் என் தோளை முறித்திருக்கலாம். தூக்கித்தான் போட்டார். ஆனால் நான் நிலத்தில் படுமுன் சட்டைக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். என் தலையில் ஒரு தூசுகூடப் படவில்லை. நான் கொடுக்க மறுத்த வாக்கை அவர் தன் பங்குக்குக் காப்பாற்றினார்.

"காணும், பாத்தது போதும்," என்று பெரியப்பா எழுந்தார். முன்வரிசை முழுக்க அவரோடு எழுந்துவிட்டது. அதிபர் போகும்போது சொன்னது என் காதிலும் விழுந்தது.

"பழகின பெடியனே மதிக்காத ஆளைப் பள்ளிக்கூடப் பிள்ளையள் எப்பிடி மதிக்குங்கள்?"

அவ்வளவுதான், அந்த வேலை போய்விட்டது. அடுத்த கிழமை, வகுப்புக்காக அவரிடம் கொடுத்திருந்த வாசிகசாலைக் கதவுத் திறப்பையும் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நான் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. ஒரு பாயின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குனிய ஏலாதெண்டால் நீர் பாயில ஏறாமல் விட்டிருக்கலாம்," என்றார்.

அந்த மாதமே கொழும்புக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு எங்கே இருந்தார், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. தேடியிருக்கலாம். தேடவில்லை.

பெரியப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பழியை அவர்மேல் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. கழுத்து என்னுடையதுதானே. இப்போது வயதாகி, படியேறும்போது யாராவது கையைப் பிடித்துவிட்டால், அன்று என் சட்டைக் கையை விடாமல் பிடித்த அந்த மனிதரின் நினைவு வந்து என் தலை தானாகக் குனிகிறது. அதைப் பார்க்க வேண்டியவர்தான் முன்னால் இல்லை.