ராஜா கேட்ட அனுமதி

என் மனைவி முகத்துவாரக்குப்பத்துக்காரி. போன வருடம் இருவரும் ஒரு கண்காட்சிக்குப் போனோம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய ராஜா ஒருவர் வேறொரு ராஜாவுக்குத் தூதரிடம் கொடுத்தனுப்பிய கடிதம், கையெழுத்தோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு ஒட்டியிருந்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்: தங்கள் கரையில் எங்கள் கப்பல்கள் நிற்க அனுமதி தர வேண்டுகிறோம்.

படித்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. அவள் அண்ணன் படகு விடும் கரையை, ஊரில் ஒருவரையும் கேட்காமல், துறைமுகம் கட்டுகிறவர்கள் கல்லைக் கொட்டி வளைத்துவிட்டார்கள்.

“பாத்தியா, ராஜாவே கேட்டுக்கீறான். நம்ம மீன் புடிக்கிற கரைய வளைக்க நம்மள எவன்யா கேட்டான்?”

அவள் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். கண்காட்சி நடத்துபவர் வந்தார். “அம்மா, இது ராஜதந்திரம். மீன் விவகாரம் இல்லை” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கரை யாருதோ அவங்கள கேக்கணும்னு எழுதிக்கீது சார். அத்ததான் அவ படிச்சா. இதுல சிரிக்க இன்னா கீது?”

அவர் அடுத்த பெட்டிப் பக்கம் நகர்ந்தார். அவளோ அங்கேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டினாள். போகலாம் என்று நான் கூப்பிடவில்லை.