வெடித்த படிகங்கள்

ஆய்வகத்தில் அவளுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். சாப்பாடு, நடை, பேச்சு எல்லாமே வெடுக்வெடுக்கென்று இருக்கும். வேலையோ நேர் எதிர். ஒரு பாக்டீரியாவின் நொதியைத் துளித்துளியாகத் தட்டில் வைத்து, அது படிகமாக வளரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். படிகம் கிடைத்தால்தான் எக்ஸ்-கதிரைச் செலுத்தி நொதியின் உருவத்தைப் பார்க்க முடியும்.

ஒருவழியாகப் படிகங்கள் வளர்ந்தன. மணல் துகளைவிடச் சிறியவை. விளிம்பெல்லாம் அவ்வளவு கூர்மை. அந்த நொதி ஒரு சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரியும். எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. மூலக்கூறு கரைந்த நீரைப் படிகத்தின் மேல் விட்டாள். நுண்ணோக்கியில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிகம் குறுக்கே விரிசல் விட்டுத் தூளானது.

அவசரப்பட்டிருப்பாய் என்றார் ஆய்வகத் தலைவி. அவளும் அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விட்டாள். அதுவும் வெடித்தது. ரோஷம் வந்து, மூலக்கூறு இல்லாத நீரை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. நொதி பிடித்துக்கொள்ளாத வேறொரு மூலக்கூறை விட்டாள். அதற்கும் படிகம் அசைந்துகொடுக்கவில்லை.

தலைவியின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், தப்பு என் கையில இல்ல. அந்த மூலக்கூறைப் பிடிச்சதும் நொதியோட உருவமே மாறுது. படிகத்துல நொதிங்க வரிசையா நெருக்கியடிச்சுதான நிக்குது. அப்படி நிக்கிற வரிசையில எல்லாரும் ஒரேயடியா திரும்பினா வரிசை நிக்குமா?"

தலைவி அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். "அப்ப ரெண்டையும் முதல்லயே கலந்துட்டு, அப்புறம் வளர்த்துப் பாரு."

கலந்து வைத்தாள். காத்திருக்கும் நாட்களில் கை சும்மா இருக்க முடியாமல், தான் தங்கியிருந்த அக்கா வீட்டின் பரண், அலமாரி எல்லாவற்றையும் துடைத்துத் தள்ளினாள். வந்த படிகங்களின் வடிவமே வேறாக இருந்தது. பழைய படிகம், புதுப் படிகம் இரண்டின் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் சேர்த்துப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. வெறும் நொதி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மூலக்கூறு உள்ளே போனதும் இரு பாதிகளும் நெருங்கி, வாய் இறுக மூடியிருந்தது.

"உன் கையைக் குறை சொன்னேன், மனசுல வச்சுக்காத" என்றார் தலைவி.

படங்களை வீட்டில் காட்டினாள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த அத்தானுக்குக் கத்தரியைவிட வாய்தான் அதிகம் ஓடும். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இத்துணூண்டு உள்ள போனதுக்கே வாய மூடிக்குதா? உங்க அத்தானுக்கும் ஒண்ணு கொண்டு வாடி."

அத்தான்தான் அதிகம் சிரித்தார்.

இன்னும் பல மூலக்கூறுகளைச் சேர்த்துப் பார்க்கும் வேலையைத் தலைவி அவளிடமே கொடுத்திருக்கிறார். இப்போதெல்லாம் அவள் தட்டில் ஏதாவது வெடித்தால், பார்ப்பதற்குக் கூட்டம் கூடிவிடுகிறது.